சாடியில் மஞ்சள்: எப்போது மாற்றி நடுவது, எப்படிப் பிரிப்பது?

ஜனவரி மாதத்தில் மஞ்சள் செடி செத்துவிட்டது என்று நினைத்துச் சாடியோடு கவிழ்த்துக் கொட்டியவர்களில் நானும் ஒருத்தி. பேராதனையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மாடி விறாந்தையில் 2020 ஆம் ஆண்டு மே மாதம் நான்கு சாடிகளில் மஞ்சள் நட்டிருந்தோம். கொரோனா ஊரடங்கு தளர்ந்திருந்த நாட்கள். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நிறைய விதைக்கிழங்கு கிடைத்தது. எட்டு மாதம் வாழைக்கன்று போலத் தளதளவென்று நின்ற செடிகள் மார்கழியில் மஞ்சளித்து, தைப் பிறப்பதற்குள் வைக்கோலாகிவிட்டன. இரண்டு சாடிகளைப் பின்வளவில் குப்பைக் குவியலில் கொட்டிவிட்டேன்.

பக்கத்து வீட்டில் உதவிக்கு வரும் ஹந்தானைத் தோட்டத்துப் பாட்டி அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "ஏன் புள்ள, காஞ்சா செத்துப் போச்சின்னு அர்த்தமா? அது தூங்குது. உசுரு கீழ இருக்கு" என்றார். நான் நம்பவில்லை. சித்திரை மழை விழுந்ததும் குப்பைக் குவியலிலிருந்து ஊசி ஊசியாகப் பதினொரு முளைகள் வந்தபோதுதான் நம்பினேன்.

அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் மாசி, பங்குனி மாதங்களில் சாடி மாற்றும் வேலை எங்கள் வீட்டில் நடக்கிறது. தெரிந்தவர்கள் பலரும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எப்போது மாற்றுவது? கிழங்கைப் பிரிக்கலாமா? இலை மஞ்சளித்தால் நோயா, முதிர்வா? இந்தக் கட்டுரை அவற்றுக்கானது.

சாடிக்குள் மஞ்சள் வந்த கதை

அதற்கு முன் ஒரு விடயத்தை நினைவுபடுத்த வேண்டும். இலங்கையின் நகரத்து வீடுகளில் மஞ்சள் சாடிக்கு வந்தது அழகுக்காக அல்ல. உள்நாட்டு விவசாயிகளை ஊக்குவிப்பதாகக் கூறி 2019 டிசம்பரில் அரசாங்கம் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது. அதுவரை நாம் கறியில் போட்டுக்கொண்டிருந்த மஞ்சளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வந்தது என்பதே அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. சில நூறு ரூபாவுக்கு விற்ற ஒரு கிலோ மஞ்சள் தூள் சில ஆயிரம் ரூபாவைத் தொட்டது. நுகர்வோர் அதிகார சபை 2020 இல் கிலோவுக்கு 750 ரூபா என்று அதிகபட்ச விலை நிர்ணயித்தது. அந்த விலைக்கு மஞ்சள் கிடைக்கும் கடையைத்தான் காணவில்லை.

தொற்று பரவுகிறது, வாசலில் மஞ்சள் நீர் தெளிக்க வேண்டும் என்று எல்லா வீட்டிலும் தேடிய அதே காலத்தில்தான் தட்டுப்பாடும் வந்தது. இராமேசுவரம், மண்டபம், தூத்துக்குடிக் கரைகளிலிருந்து மஞ்சள் மூடைகள் படகேறின. மன்னாரிலும் கற்பிட்டியிலும் கடற்படை அவற்றைக் கைப்பற்றிய செய்திகள் வாரந்தோறும் வந்தன. தங்கம், கஞ்சா வரிசையில் மஞ்சளும் கடத்தற்பொருளானது. செய்தி எழுதும் எங்களுக்கே முதலில் சிரிப்பாக இருந்தது. பலசரக்குக் கடையில் 25 கிராம் பொட்டலத்தை எடுத்து விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கும் பெண்களைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

வீட்டுத்தோட்டத்தில் மஞ்சள் நடுங்கள் என்ற பிரசாரம் அப்போது சூடு பிடித்தது. பேராதனை இதற்குப் பொருத்தமான இடம். விவசாயத் திணைக்களத்தின் தலைமையகமும் இங்கேதான், மஞ்சள், மிளகு, ஏலம் போன்றவற்றுக்குப் பொறுப்பான ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் தலைமையகமும் இங்கேதான். பல்கலைக்கழக விவசாய பீடம், 1821 இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்கா, ஆற்றுக்கு அப்பால் கன்னொறுவை ஆராய்ச்சி நிலையங்கள் எல்லாம் சில கிலோமீற்றருக்குள். ஆனால் நிலம்? கண்டிய வீட்டுத்தோட்டம் என்று பாடப்புத்தகங்கள் புகழும் பலாவும் மிளகும் கறுவாவும் பாக்கும் அடுக்கடுக்காக நிற்கும் வளவு, பரம்பரையாகக் காணி வைத்திருப்பவர்களுக்கு உரியது. வாடகை வீட்டுக்காரருக்கும் அனெக்ஸில் இருக்கும் அரச ஊழியருக்கும் லயன் அறைக்காரருக்கும் கிடைப்பது விறாந்தையும் வாசற்படியும் கூரைத் தண்ணீர் விழும் ஓரமும்தான். அதனால் சாடி, பெயின்ற் வாளி, பழைய அரிசிப் பை.

அந்த ஆண்டு ஏமாந்தவர்களும் உண்டு. கடையில் விற்கும் காய்ந்த கட்டை மஞ்சளை வாங்கி நட்டுவிட்டு மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றியவர்களை எனக்குத் தெரியும். அது முளைக்காது. விற்பனைக்கு வரும் மஞ்சள் அவித்துக் காயவைக்கப்பட்டது; அவித்த உருளைக்கிழங்கை நட்டதுபோலத்தான். நடுவதற்குப் பச்சைக் கிழங்குதான் வேண்டும், அதிலும் முளைக்கண் தெரியும் கிழங்கு. மரமஞ்சள் என்று நாட்டுமருந்துக் கடையில் கிடைப்பது (சிங்களத்தில் வெனிவெல்) முற்றிலும் வேறு தாவரம். அது காட்டுக் கொடி.

மண்ணுக்குக் கீழே நடப்பது

மஞ்சளுக்கு வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த அழகான பூக்கதிர் வரும். ஆனால் விதை வராது. குரோமோசோம் தொகுதி மூன்று மடங்காக இருப்பதால் அது மலட்டுத் தாவரம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் கிழங்கை உடைத்து நட்டு, உடைத்து நட்டுத்தான் அதை இங்கு வரை கொண்டுவந்திருக்கிறார்கள். நாம் சாடி மாற்றும்போது செய்வதும் அதே வேலையின் தொடர்ச்சிதான். ரோஜாவுக்கோ குரோட்டனுக்கோ சாடி மாற்றுவது செடியை இடம் மாற்றுவது. மஞ்சளில் அப்படியல்ல. இங்கே அறுவடையும் சாடி மாற்றுவதும் அடுத்த ஆண்டுக்கு நடுவதும் ஏறத்தாழ ஒரே வேலை.

நட்ட துண்டிலிருந்து முளை மேலெழும்பி, அதன் அடிப்பகுதி பருத்துத் தாய்க்கிழங்கு ஆகிறது. தாய்க்கிழங்கின் பக்கங்களிலிருந்து விரல்கள் போல் பிரிவது விரலி மஞ்சள். விரல்களிலிருந்து இன்னும் சிறு விரல்கள். இவை கீழ்நோக்கிப் போவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் பரவும். ஆகவே ஆழமான ஒடுங்கிய சாடியைவிட வாயகன்ற சாடி நல்லது. ஒரே சாடியில் இரண்டு மூன்று ஆண்டுகள் விட்டால் என்ன ஆகும்? செடி சாகாது. ஆனால் பழைய தாய்க்கிழங்குகள் சுருங்கிக் கோதாகி நடுவில் கிடக்கும், புதிய விரல்கள் அவற்றைச் சுற்றி நெருக்கியடித்து மெலிந்து வளரும். இலை நிறைய இருக்கும், கிழங்கு சுண்டுவிரல் அளவில் இருக்கும். 2020 இல் நட்டுவிட்டு அப்படியே விட்ட பல வீட்டுச் சாடிகளின் இன்றைய நிலை இதுதான்.

மாற்ற வேண்டிய காலம்

நட்டதிலிருந்து எட்டு முதல் பத்து மாதம். நம் பகுதியில் சித்திரை, வைகாசியில் நட்டால் தை, மாசியில் முதிரும். நாட்காட்டியைவிட இலையை நம்புங்கள். முதிர்ந்த செடியில் நுனியிலிருந்து காய்ந்து, கடதாசிபோலச் சரசரத்து, எல்லாத் தண்டுகளும் ஏறத்தாழ ஒன்றாகச் சாயும். அப்போது தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று வாரம் அப்படியே விடுங்கள். கிழங்கின் தோல் இறுகும். அவசரப்பட்டுத் தோண்டினால் தோல் நகத்தில் உரியும். அந்தக் கிழங்கு வைத்திருக்கத் தாங்காது.

பேராதனையில் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை மழை குறைவு. கிழங்கை எடுக்கவும் உலர்த்தவும் இதைவிட வசதியான காலம் இல்லை. பொங்கல் பானையில் கட்ட இலையோடு கூடிய மஞ்சள் கொத்து வேண்டும் என்றால் ஒரு சாடியை மட்டும் தைப் பிறப்புக்கு முதல் நாள் எடுத்துக்கொள்ளலாம். மற்றவற்றைப் பொறுத்திருந்து எடுங்கள். எடுத்த விதைக்கிழங்கை மீண்டும் நடுவது சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, பிற்பகல் இடிமழை தொடங்கும்போது. புத்தாண்டு மருத்துநீரில் போட ஒரு விரல் மஞ்சளை எடுத்துவைக்கும் வீடுகளில் இந்த ஒழுங்கு தானாகவே நினைவில் நிற்கிறது.

இந்த மாதக் கணக்கு கண்டிக்கும் அதைச் சூழ்ந்த ஈரவலயத்துக்கும் பொருந்தும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருப்பவர்கள் மழையைப் பார்த்து முன்பின்னாக மாற்றிக்கொள்ள வேண்டும். அல்லது முளைக்கும் காலத்தில் தண்ணீரைக் கையால் கொடுக்க வேண்டும்.

கிழங்கை எடுப்பதும் பிரிப்பதும்

சாடியைக் கையால் தட்டி, பக்கவாட்டில் படுக்கவைத்து உருட்டினால் மண் கட்டியாகக் கழன்று வரும். வராவிட்டால் தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. காய்ந்த தண்டு கையோடு வரும், கிழங்கு உள்ளேயே இருக்கும். பிளாஸ்ரிக் வாளி என்றால் ஓரத்தில் ஒரு தட்டைக் கம்பியை விட்டுச் சுற்றி நெகிழ்த்தலாம். அரிசிப் பை என்றால் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவதே இலகு. அந்தப் பை எப்படியும் ஒரு வருட வெயிலில் உக்கியிருக்கும்.

மண்ணை உதிர்த்துவிட்டு முழுக் கொத்தையும் ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். எது தாய், எது விரல் என்று தெரியும். கையால் வளைத்தாலே விரல்கள் 'சடக்'கென்று பிரியும். கத்தி தேவைப்படுவது குறைவு. சமையலுக்கு உரியதைக் கழுவலாம். விதைக்கு வைப்பதைக் கழுவ வேண்டாம், மண்ணை மட்டும் தட்டிவிடுங்கள்.

விதைக்கு எதை வைப்பது? இதில்தான் வீட்டுக்காரருக்கும் விவசாயிக்கும் மனம் வேறுபடுகிறது. நாம் கொழுத்ததைச் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு மெலிந்ததை மண்ணுக்குக் கொடுக்கிறோம். நான் இரண்டு வருடம் அப்படிச் செய்தேன். விளைச்சல் வருடாவருடம் சிறுத்தது. பருத்த, கீறல் இல்லாத, இரண்டு மூன்று முளைக்கண் உள்ள 20 முதல் 30 கிராம் துண்டு போதும். கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய்க்கிழங்கும் நல்ல விதைதான், வலுவான முளை தரும். பெரிதாக இருந்தால் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கலாம். வெட்டிய முகத்தில் விறகடுப்புச் சாம்பலைத் தொட்டு நிழலில் இரண்டு மூன்று நாள் ஆறவிட்டால் வெட்டு உலர்ந்து மூடிக்கொள்ளும். உடைத்தவுடன் ஈரமண்ணில் வைப்பது அழுகலுக்கு அழைப்பு.

வெட்டியபோது உள்நிறம் செம்மஞ்சளாக இருக்க வேண்டும். பழுப்போ கறுப்போ ஓடியிருந்தால், அமுக்கும்போது தண்ணீர் கசிந்தால், மேலே வெள்ளைத் தவிடு ஒட்டியதுபோல் செதில்பூச்சி படிந்திருந்தால் அந்தத் துண்டை விதைக்கு வைக்காதீர்கள். முளைக்கண் எங்கே என்று தெரியாமல் தடுமாறினால் பத்து நாள் பொறுங்கள். மார்ச் சூட்டில் அதுவே பச்சைவெள்ளையாகப் புடைத்துக் காட்டிக்கொடுக்கும்.

நடும்வரை வைத்திருக்க ஈரமில்லாத மணலோ மரத்தூளோ போட்ட அட்டைப் பெட்டி போதும். காற்றுப் போக வேண்டும். பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சணம். குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம். மஞ்சள் வெப்பவலயத்துப் பிள்ளை.

சாடியும் மண்ணும்

வாய் அகலம் குறைந்தது 30 சென்ரிமீற்றர், ஆழமும் ஏறக்குறைய அவ்வளவு. அதில் இரண்டு துண்டுகளுக்கு மேல் நட வேண்டாம். 20 லீற்றர் பெயின்ற் வாளி சரியான அளவு. அடியில் ஐந்தாறு துளை, அடியை ஒட்டிய பக்கச் சுவரிலும் இரண்டு துளை போடுங்கள். அடித்துளை நிலத்தில் ஒட்டி அடைபட்டாலும் பக்கத் துளை வடித்துவிடும்.

நம் பகுதியின் செம்பழுப்பு மண் வளமானதுதான், ஆனால் சாடிக்குள் போனால் மழையில் களியாகி வெயிலில் செங்கல் ஆகும். தனி மண்ணில் நடாதீர்கள். இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு நன்றாக உக்கிய கூட்டெரு அல்லது மாட்டெரு, ஒரு பங்கு தும்புத்தூள். தும்புத்தூளை நனைத்துப் பிழிந்து, அந்த நீரை ஊற்றிவிட்டுச் சேருங்கள். கருக்கிய உமி கிடைத்தால் ஒரு கைப்பிடி. முகர்ந்து பார்த்தால் இன்னும் சாண வாடை அடிக்கும் எரு வேண்டாம், சூட்டில் முளையைக் கருக்கும். பழைய சாடி மண்ணை அப்படியே திருப்பிப் போடாதீர்கள். அதைக் கறிவேப்பிலைக்கோ பூஞ்செடிக்கோ கொடுத்துவிடலாம்.

2021 மே மாதம் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து அதே ஆண்டு நவம்பரில் அது விலக்கப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும். தேயிலையும் நெல்லும் அதில் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் சாடி மஞ்சளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கூட்டெருவில் அது நன்றாகவே வளரும். வேலி ஓரத்துக் கிளிறிசீடியா இலையை ஒடித்து மேலே பரப்பினால் தழைச்சத்தும் கிடைக்கும், மண்ணும் காயாது. கிழங்கு பருக்கும் புரட்டாதி, ஐப்பசியில் ஒரு பிடி விறகுச் சாம்பல் நல்லது. அளவுக்கு மேல் தழைச்சத்துக் கொடுத்தால் இலைதான் மிஞ்சும்.

சாடியை முக்கால் பங்கு மட்டுமே நிரப்புங்கள். துண்டைப் படுக்கையாக, முளைக்கண் மேலே பார்க்க, ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்தில் வையுங்கள். ஒரு முறை தண்ணீர் ஊற்றிவிட்டு முளை தெரியும்வரை மண் காயும்போது மட்டும் தெளியுங்கள். மூன்று, நான்கு வாரம் ஒன்றும் தெரியாது. தோண்டிப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் கஷ்டம். நான் ஒரு முறை தோண்டி முளையை ஒடித்திருக்கிறேன்.

ஒன்றரை, இரண்டு மாதத்தில் கிழங்கு மண்ணுக்கு மேலே தலைகாட்டத் தொடங்கும். அப்போது மீதிக் கால் பங்கையும் மண்ணும் கூட்டெருவும் கலந்து நிரப்புங்கள். முதலிலேயே விளிம்புவரை நிரப்பிவிட்டால் இந்த மண் அணைப்புக்கு இடம் இருக்காது. வெயில் பட்ட கிழங்கு பச்சையாகித் தடித்த தோலோடு நின்றுவிடும்.

சாடிக்கு அடியில் தட்டு வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தட்டில் தேங்கும் தண்ணீர் கிழங்கை அழுக வைக்கும் என்பது ஒரு பக்கம். அதில் டெங்கு நுளம்புக் குடம்பி கண்டுபிடிக்கப்பட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்கே தொடரலாம். தட்டை எடுத்துவிட்டு இரண்டு செங்கல் மேல் சாடியை உயர்த்தி வையுங்கள். குரங்குகள் மஞ்சளைத் தின்று நான் பார்த்ததில்லை. ஆனால் பேராதனைக் குரங்குகளுக்குச் சாடியைத் தள்ளி விழுத்துவதில் தனி மகிழ்ச்சி. கைப்பிடிச் சுவரின் மேல் வைக்காதீர்கள்.

இடையில் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால்

வாடகை வீட்டு வாழ்க்கையில் செடியின் காலமும் நம் காலமும் ஒத்துவராது. 2022 ஓகஸ்டில் எங்களுக்கு வீடு மாற வேண்டி வந்தது. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்கள். லொறியில் இடம் குறைவு என்று மூன்று சாடிச் செடிகளைப் பிடுங்கி, கிழங்கைப் பிரித்து, புதிய வீட்டில் ஆறு சிறிய பைகளில் நட்டேன். ஒரே வாரத்தில் எல்லாம் துவண்டன. இரண்டு தப்பின. அந்த வருடத்து மொத்த விளைச்சல் ஒரு சிரட்டைக்குள் அடங்கியது. அசையாமல் கொண்டுவந்த நான்காவது சாடி மட்டும் வழக்கம்போலக் கிழங்கு தந்தது.

இலையோடு நிற்கும் செடியைப் பிரிக்கக் கூடாது என்பதுதான் இதில் கற்றது. ஆடி, ஆவணியில் செடி இலையில் சேர்த்த உணவைக் கீழே அனுப்பத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் வேரை அறுத்தால் இலை காயும், கிழங்கும் பருக்காது. சாடி பிளந்துவிட்டது, வேர் அடித்துளையால் வெளியே வந்துவிட்டது, ஊற்றும் தண்ணீர் ஊறாமல் நேராகக் கீழே ஓடுகிறது, பக்கச் சுவர் புடைத்துவிட்டது என்றால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் மண்கட்டி உடையாமல் முழுதாக. முதல் நாள் மாலை நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு கை அகலம் பெரிய சாடியின் அடியில் புதுக்கலவை போட்டு, மண்கட்டியை அப்படியே இறக்கி, சுற்றியுள்ள இடைவெளியை நிரப்புங்கள். முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம். கீழ் இலைகளில் இரண்டு மூன்றை வெட்டிவிட்டு ஒரு வாரம் நிழலில் வையுங்கள். வேறெந்தப் பசளையும் அந்த வாரத்தில் வேண்டாம்.

முதிர்வா, அழுகலா?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் கண்டியில் மழை உச்சம். அந்த மாதங்களில் இலை மஞ்சளித்தால் சந்தேகப்படுங்கள். இன்னும் தூங்கும் காலம் வரவில்லை. கிழங்கழுகல் என்றால் கீழ் இலைகளின் ஓரத்திலிருந்து மஞ்சள் பரவும், தண்டின் அடி மென்மையாகி ஈரமாக இருக்கும், லேசாக இழுத்தால் நாற்றத்தோடு கழன்று வரும். ஒரு தண்டு சாய்ந்திருக்க, பக்கத்துத் தண்டு பச்சையாக நிற்கும். இது மண்ணில் வாழும் பித்தியம் என்ற நுண்ணுயிரியின் வேலை. தேங்கும் நீரில்தான் அதற்குக் கொண்டாட்டம்.

அந்தச் சாடியை உடனே மற்றவற்றிலிருந்து விலக்கிக் கொட்டுங்கள். உறுதியாக இருக்கும் கிழங்கைக் கழுவிச் சமையலுக்கு எடுக்கலாம், விதைக்கு வேண்டாம். மண்ணை மஞ்சளுக்கும் இஞ்சிக்கும் மீண்டும் பயன்படுத்தக் கூடாது. இரண்டும் ஒரே குடும்பம், ஒரே நோய். சாடியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வையுங்கள். இலையில் பழுப்புப் புள்ளிகள் மட்டும் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, அந்த இலையை வெட்டி அகற்றினால் போதும். நடுக்குருத்து மட்டும் காய்ந்து, தண்டில் சிறு துளையும் அதன் வாயில் புழுவின் எச்சமும் தெரிந்தால் தண்டு துளைப்பான்; அந்தத் தண்டை அடியோடு வெட்டி எறியுங்கள், பக்கமுளை வரும்.

குழம்பினால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். தமிழில் கேளுங்கள். சில சமயம் காத்திருக்கச் சொல்வார்கள், காத்திருங்கள்.

எத்தனை சாடி வேண்டும்?

பிரசாரங்கள் சொல்லாத கணக்கு இது. நன்றாகப் பார்த்துக்கொண்ட ஒரு வாளியில் எங்களுக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை பச்சைக் கிழங்கு கிடைக்கிறது. அவித்துக் காயவைத்தால் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். நான்கு பேர் உள்ள எங்கள் வீட்டில் மாதம் 100 கிராம் தூள் செலவாகிறது, வருடத்துக்கு 1.2 கிலோ. அதற்கு 6 கிலோ பச்சைக் கிழங்கு வேண்டும். அதாவது ஏறத்தாழ 16 வாளிகள், அடுத்த வருட விதையைச் சேர்க்காமல். எங்கள் விறாந்தையில் ஒன்பதுதான் நிற்கும்.

ஆகவே வீட்டுச் சாடி ஒரு நாட்டின் இறக்குமதிக்கு மாற்று என்று சொன்னவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. காணி உள்ளவருக்கு அது பொருந்தலாம். ஹந்தானைப் பாட்டியின் லயன் வாசலில் மூன்று பைகள் இருக்கின்றன. அதற்கு மேல் வைத்தால் நடக்க வழியில்லை. தனி வீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச் கிடைத்த உறவினர் வீட்டில் முப்பது செடி நிற்பதாக அவர் பெருமையாகச் சொல்வார்.

என்றாலும் அந்த ஒன்பது வாளியை நான் விடப்போவதில்லை. காரணம் விலை மட்டுமல்ல. தட்டுப்பாடு வந்தபோது அரிசிமா, கோதுமை மா கலந்து நிறமூட்டிய தூள் நம் சந்தையில் புழங்கியது. அதைவிட மோசமான உதாரணம் பங்களாதேஷ். மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வர ஈயக் குரோமேற்று பூசியதை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 இல் வெளிக்கொண்டுவந்தார்கள். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. அந்நாட்டு அரசு சந்தைகளில் இறங்கிச் சோதித்துத் தண்டித்த பின் நிலைமை வெகுவாக மாறியது. பிள்ளைக்குக் கொடுக்கும் பருப்பில் போடும் மஞ்சளாவது எங்கே விளைந்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காக அந்த வாளிகள் நிற்கின்றன.

தூளாக்குவது கடினமில்லை. கழுவிய கிழங்கு மூழ்கத் தண்ணீர் விட்டு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் அவித்து, ஈர்க்குச்சி இலகுவாக இறங்கும்போது வடித்து, பத்துப் பதினைந்து நாள் வெயிலில் காயவையுங்கள். தட்டினால் மரக்கட்டைபோல் ஓசை வர வேண்டும். முழுக்கிழங்கை வீட்டுக் கிரைண்டரில் போட்டால் பிளேடு போய்விடும். அவித்து ஆறியதும் மெல்லிய சீவல்களாக வெட்டிக் காயவைத்தால் நான்கைந்து நாளில் காயும், அரைப்பதும் சுலபம். கை ஒரு வாரம் மஞ்சளாக இருக்கும். வெள்ளைச் சட்டையோடு இந்த வேலைக்குப் போகாதீர்கள்.

இந்த மாசியில் எடுத்த கிழங்கில் நாற்பது துண்டுகளை விதைக்கு வைத்திருக்கிறேன். பதினெட்டு எங்கள் வாளிகளுக்கு. எட்டு கீழ்வீட்டு அன்ரிக்கு. மிச்சத்தை ஹந்தானைப் பாட்டி கேட்டிருக்கிறார், மகளின் வீட்டில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறதாம். மரத்தூள் பெட்டியை நேற்றுத் திறந்து பார்த்தேன். இரண்டு துண்டுகளில் கண் புடைக்கத் தொடங்கியிருக்கிறது.